ஷீட்டில் இல்லாத மூன்று அங்குலம்

பை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லிட்டர். போன மாதம் என் நாத்தனார் மகன் போன் செய்தான்.

"அத்த, சனி ஞாயிறு மலையேறப் போறோம். நாப்பது லிட்டர் பை எடுக்கட்டுமா, அம்பதா?"

"உன் முதுகு எத்தினி இன்ச்?" என்றேன்.

சிரித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அத்தைக்குக் கொஞ்சம் பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். பிறகு பையின் படத்தை அனுப்பினான். நிறம் நன்றாகத்தான் இருந்தது. எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்பதும் இருந்தது. முதுகு நீளம் மட்டும் எங்கும் இல்லை.

லிட்டர் என்பது பைக்குள் எவ்வளவு சாமான் கொள்ளும் என்பதற்கான கணக்கு. சுமக்கிறவனைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. தலையைக் குனிந்தால் கழுத்துக்குப் பின்னால் ஓர் எலும்பு துருத்தும். டேப்பை அங்கே வைக்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல் இரண்டு கையையும் ஊன்றினால் கட்டை விரல்கள் பின்பக்கம் ஒன்றையொன்று பார்க்கும். அந்த இடம் வரை அளந்தால் அது உன் முதுகு. பையில் ஸ்ட்ராப் தொடங்கும் இடத்திலிருந்து இடுப்பு பெல்ட் வரை அளந்தால் அது பையின் முதுகு. இரண்டும் ஒத்துப்போனால் வாங்கு, இல்லாவிட்டால் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. ஒத்துப்போனாலும் பத்து கிலோ எடையைப் போட்டுக் கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடந்து பார். கடைக்காரன் முறைத்தால் முறைக்கட்டும்.

இதைச் சொல்ல நீ யார், எந்த மலையில் ஏறிக் கிழித்தாய் என்று யாராவது கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஏற்றுமதிக்குப் பை தைக்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் பெரும்பகுதி, தைத்து முடித்த பையை அனுப்பலாமா கூடாதா என்று சொல்லும் மேசையில். அந்தக் கேள்வியை அப்போதே ஒருவன் கேட்டான். நானும் பதில் சொன்னேன். அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பென்னலூருக்குப் பக்கம். தொண்ணூற்றெட்டில், சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில் அந்தக் கம்பெனியைத் திறந்து பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. முதல் ஆறு மாதம் நூல் வெட்டினேன். அடுத்த ஒரு வருடம் மெஷினில் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஓரம் தைத்தேன். பிறகு ஃபைனல் மேசைக்கு மாற்றினார்கள். குற்றம் கண்டுபிடிப்பதில் எனக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் நல்ல பெயர் உண்டு. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஐந்து வருடம் ஆகியும் என் அட்டையில் டிரெய்னி என்றுதான் போட்டிருந்தது. டிரெய்னி என்றால், ஆர்டர் தீர்ந்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கேட்டிலேயே சொல்லிவிடலாம். அப்படி அனுப்பப்பட்டவர்களை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு டப்பாவோடு வந்து, டப்பாவைத் திறக்காமலே திரும்பிப் போனார்கள். வேலை நிரந்தரம் என்று சொல்லும் கன்ஃபர்மேஷன் கடிதம் ஒன்று கையில் வந்துவிட்டால் அந்தப் பயம் போகும். அந்தக் கடிதத்துக்காக நான் ஏங்கினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மேசை வேலையைச் சொல்கிறேன். பையின் வாயைத் திறந்து உள்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும். ஓரத் துணி விட்டுப் போயிருக்கிறதா, ஊசிமுனை எங்காவது ஒடிந்து கிடக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். கண்ணை நம்பக் கூடாது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ண வேண்டும். ஜிப்பைப் பத்து தரம் இழுத்து மூட வேண்டும். பத்தாவது தரம் மெதுவாக இழுக்க வேண்டும், ஏனென்றால் கெட்ட ஜிப் வேகத்தில் ஓடிவிடும், மெதுவாக இழுத்தால்தான் மாட்டிக்கொள்ளும். பக்கிளைப் பூட்டினால் ஒரே ஒரு சத்தம் வர வேண்டும். பிறகு பையைச் சரியாகத் திருப்பி, மேசையில் படுக்க வைத்து, ஷீட்டில் உள்ளபடி அளக்க வேண்டும். உயரம், அகலம், ஆழம், ஸ்ட்ராப்பின் நீளம், பாக்கெட்டுகள். கடைசியில் பத்துக்கு ஒரு பையை எடுத்துச் சுவரில் இருந்த இரும்புக் கொக்கியில் மாட்டி, பதினைந்து கிலோ மணல் மூட்டையை உள்ளே இறக்கி மூன்று தரம் வெடுக்கென்று இழுப்போம். தையல் பிரியாவிட்டால் பாஸ். என் எண் குத்திய சின்னச் சீட்டை உள்பாக்கெட்டில் போட்டு, கசக்கிய காகிதத்தைத் திணித்துப் பையைக் கொழுகொழுவென்று ஆக்கி அனுப்புவேன்.

குவாலிட்டிக்குத் தலைவர் சந்தானம் சார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். பையைத் தொடும் முன் கை கழுவி வருவார். சட்டைப் பையில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் இருக்கும். நூல் வெட்டும் பெண்ணைக்கூட "அம்மா", "வாங்க", "போங்க" என்றுதான் கூப்பிடுவார். எந்தப் புகாரைக் கொண்டுபோனாலும் முழுதாகக் கேட்பார், நடுவில் பேச மாட்டார், கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஷீட்ல இருக்காம்மா?"

ஷீட் என்பது பை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் அளவுத் தாள். அதில் இருந்தால் அரை அங்குலப் பிசகுக்குக்கூட ஒரு லாட் பை முழுவதையுமே நிறுத்திவிடுவார், முதலாளி வந்து நின்றாலும் அசைய மாட்டார். அதில் இல்லாவிட்டால், நீங்கள் சொல்வது அபிப்பிராயம். அபிப்பிராயத்தை அவர் வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். நிரப்பின ஷீட்டை அவர் ஒருநாளும் கிழித்ததில்லை. தப்பாக எழுதியிருந்தாலும் ஒரு கோடு போட்டுக் கையெழுத்து வைத்து ஃபைலில் சேர்ப்பார். இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் அவரைத் திட்டுவது போலத் தோன்றும்.

இரண்டாயிரத்து மூன்றில் முதல் முறையாக மலையேறும் பை ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் ஆட்கள் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டுச் சனி ஞாயிறு காட்டுக்கும் மலைக்கும் போவார்களாம், அதற்கான பை. பெரிய அளவு ஒன்று, பெண்களுக்கென்று சின்ன அளவு ஒன்று. முதுகுப்பக்கம் பஞ்சு, அதற்குள் பிளாஸ்டிக் தகடு, கீழே அகலமான இடுப்பு பெல்ட். அந்த பெல்ட்தான் விஷயமே. இடுப்பெலும்பின் மேல் அது உட்கார்ந்து இறுகினால் கனம் முழுக்க இடுப்புக்குப் போய்விடும், தோளுக்கு அதிகம் இருக்காது. தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்தா நடக்கிறோம்? இடுப்பில்தானே. எனக்கு அது பார்த்த உடனே புரிந்தது.

சாம்பிள் தைத்தவன் பிரபு. கெட்டிக்காரன், தண்டலத்துப் பக்கத்துப் பையன், ஆறடிக்கு மேல் உயரம். தைத்த பையை அவனே மாட்டிக்கொண்டு நிற்பான், போட்டோ எடுப்பார்கள். பெரிய அளவுச் சாம்பிளை விமானத்தில் அனுப்பி ஒப்புதல் வாங்கினார்கள். சின்ன அளவுக்கு அவகாசம் இல்லாததால் ஷீட்டையும் போட்டோவையும் மட்டும் அனுப்பினார்கள். போட்டோவில் பிரபு. பெண்களுக்கான சின்னப் பை அவன் முதுகில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தது. சரி என்று பதில் வந்தது. சின்ன அளவில் இரண்டாயிரம் பைக்குத் துணி வெட்டினார்கள்.

மாரிச்செல்வி வராவிட்டால் நானும் அந்த இரண்டாயிரத்துக்கும் சீட்டுப் போட்டிருப்பேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, எங்கள் லைனில் மெஷின் ஓட்டினாள். என்னை விட அரை விரல்தான் உயரம். நானே ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. எண்ணெய்க் கறை பட்ட பைகளைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அப்படி ஒரு சின்ன அளவுப் பையை ரசீதோடு வாங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை நேராக ஷிஃப்டுக்கு வந்தாள். பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் பாதி தூரம் நின்றிருக்கிறாள். வந்தவள் மெஷினில் உட்கார்ந்து நூல் கோக்கத் திணறினாள்.

"என்ன புள்ள?" என்று கேட்டேன்.

"அக்கா, வலது கை மரத்துப் போச்சுக்கா. ஊசி குத்துனாக்கூடத் தெரிய மாட்டேங்கு."

சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். இரண்டு தோளிலும் சிவப்புத் தடம், ஸ்ட்ராப்பின் அகலத்துக்கு. மெஷினில் அந்தக் கை போயிருந்தால் விரலோடு சேர்த்துத் தைத்திருப்பாள். பெல்ட்டை மாட்டவில்லையா என்று கேட்டேன். மாட்டினாளாம், நடக்க விடாமல் தொடையைப் பிடித்ததாம், கழற்றிவிட்டாளாம்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் பையில் மணல் மூட்டையை வைத்து நான் மாட்டிப் பார்த்தேன். பெல்ட் இடுப்பெலும்பில் உட்காரவில்லை. அதற்குக் கீழே, புட்டத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. எவ்வளவு இறுக்கினாலும் தோளில் கனம் குறையவில்லை. நேராகச் சந்தானம் சாரிடம் போனேன். முழுதாகக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"ஷீட்ல இருக்காம்மா?"

"ஷீட்ல எல்லா அளவும் சரியா கீது சார். பைதான் சரியா இல்ல."

பிரபுவைக் கூப்பிட்டார். அவன் வந்து அதே பையை மாட்டினான். கனகச்சிதம். இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்று சுற்றினான். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாக்கா, இது மலையேறுறவங்க பை. நீங்க எந்த மலைய ஏறினீங்க?" என்றான்.

கிண்டல்தான், விஷமில்லை. ஆனால் சந்தானம் சாரும் லேசாகச் சிரித்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"எந்த மலைன்னு திங்கக்கிழம வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து நானும் மாரிச்செல்வியும் போளூர் போய், அங்கிருந்து தென்மாதிமங்கலத்தில் இறங்கினோம். பர்வதமலை. எங்கள் பக்கத்து ஜனம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறுகிற மலைதான். பையில் ஐந்து லிட்டர் தண்ணீர், புளிசோறு, அவள் ரூமிலிருந்து எடுத்த ஐந்து கிலோ அரிசி. வழியில் ஒரு பெரியவர், "அரிசி சாமிக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி, எங்க குவாலிட்டி சாருக்கு" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாறி மாறிச் சுமந்தோம். சமதரையில் அவ்வளவாகத் தெரியவில்லை. படிகள் ஆரம்பித்ததும் பை தன் குணத்தைக் காட்டியது. காலைத் தூக்கும்போதெல்லாம் தொடை பெல்ட்டில் இடித்து, பையையே மேலே தள்ளியது. காலை ஊன்றினால் பை தொப்பென்று தோளில் இறங்கியது. ஒரு படிக்குத் தோளில் ஓர் அடி. நூறு படி தாண்டியதும் இதை என்னால் ஒழுங்காக எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை, வாயில் வந்ததெல்லாம் பிரபுவின் பெயர்தான். பாறையில் கடப்பாறை அடித்து, சங்கிலி கட்டியிருக்கிற இடத்துக்கு வந்தபோது பை மாரிச்செல்வியின் முதுகில் இருந்தது. சங்கிலியைப் பிடிக்க வலது கையை உயர்த்தினாள். பிடித்த கை நழுவியது. பின்னால் நின்ற நான் அவளையும் பையையும் சேர்த்துப் பாறையோடு அழுத்திப் பிடித்தேன்.

"கை கேக்க மாட்டேங்குக்கா" என்றாள்.

அவளை அங்கேயே உட்கார வைத்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, எந்த மலையோ, என் சீட்டை உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு பாறையில் கை நழுவி நிற்பாள் என்று தோன்றியது. அவளுக்குப் பின்னால் பிடிக்க யார் இருப்பார்கள்? மாரிச்செல்வியின் துப்பட்டாவை வாங்கி, பையின் முதுகுப் பஞ்சுக்குக் குறுக்கே கொடுத்து, பெல்ட்டுக்கு மேலே, சரியாக இடுப்பெலும்பின் மேல் வரும்படி அவளைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். எழுந்து நின்றாள். தோளை இரண்டு தரம் குலுக்கினாள்.

"அக்கா, அரிசிய எடுத்துட்டியளா?"

"இல்லடி. உள்ளதான் கீது."

துப்பட்டா போன இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டேன். அதற்குப் பிறகு இருவரும் மேலே போய்ச் சாமியைக் கும்பிட்டு, அரிசியோடு இறங்கி வந்தோம். சங்கிலியை அவள் ஒழுங்காகப் பிடித்தாள்.

திங்கட்கிழமை பெரிய பை ஒன்றையும் மாரிச்செல்வியின் சின்னப் பையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். வெளி உயரத்தில் நான்கு அங்குலம் வித்தியாசம், ஷீட்டில் சொன்னபடி. ஸ்ட்ராப் தொடங்கும் இடத்திலிருந்து பெல்ட் வரை டேப்பை வைத்தேன். பெரியதில் பத்தொன்பது. சின்னதில் பத்தொன்பது. நான் போட்ட பேனாக் கோடு வரை பதினாறு. பிரபு வந்து குனிந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"உள்ள வெக்கிற தகடுக்கு அச்சு ஒண்ணுதான்க்கா" என்றான் மெதுவாக. "புதுசு பண்ண டைம் இல்ல. அதான் மேல மட்டும் நாலு இன்ச் கொறச்சேன்."

அவனுக்கு எப்படித் தெரியும்? சின்னப் பை என்பது அவன் வரையில் தலை வெட்டிய பெரிய பை. அவன் முதுகு அதில் பொருந்தத்தான் செய்யும். கொக்கிக்கும் பொருந்தும், கொக்கிக்கு இடுப்பே கிடையாது. எங்கள் தப்பு அந்தத் தையல் ஷெட்டுக்குள் மட்டும் நடக்கக்கூடிய தப்பு: பெண்களுக்கான பையை ஆறடி ஆணின் மேலும் இரும்புக் கொக்கியின் மேலும் மாட்டிப் பார்த்துவிட்டு, ஷெட் முழுக்க உட்கார்ந்திருந்த இருநூறு பெண்களில் ஒருத்தியையும் மாட்டிப் பார்க்கச் சொல்லவில்லை.

சந்தானம் சார் கை கழுவிக்கொண்டு வந்தார். நான் காட்டினேன். மாரிச்செல்வியை நிறுத்தி முதுகை அளந்தேன், பதினைந்தரை. பையை மாட்டச் சொன்னேன், பெல்ட் எங்கே நிற்கிறது என்று காட்டினேன். அவர் தன் ஸ்கேலை எடுத்து இரண்டு பையையும் தானே அளந்தார். நான் சொன்னது சரி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஷீட்டை எடுத்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். உயரம், அகலம், ஆழம், ஸ்ட்ராப், பாக்கெட். முதுகு நீளம் என்று ஒரு வரி இல்லை.

"இதுல இல்லம்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. "நம்ம அளவு எதுவும் தப்பில்ல. அவங்க கேட்டத குடுத்திருக்கோம். வியாழக்கிழம கன்டெய்னர். வெள்ளிக்கிழம உங்க கன்ஃபர்மேஷன்ல எம்.டி. கையெழுத்து போடறார், நான்தான் எழுதிக் குடுத்தேன். சீட்டு போட்டுடுங்க. நான் தனியா ஒரு நோட் போட்டு வெக்கறேன், அடுத்த ஆர்டர்ல பாத்துக்கலாம்."

மிரட்டவில்லை. உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். மேசையில் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரிச்செல்வி முதுகில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பயம் இல்லாமலில்லை. சாப்பாட்டு டப்பாவோடு கேட்டில் திரும்பிப் போனவர்கள் கண் முன்னால் வந்தார்கள். ஆனால் அந்தக் கை நழுவியதை நான் பார்த்துவிட்டேன். அதைப் பார்க்காதது போல எப்படிச் சீட்டுப் போடுவது?

"ஷீட்ல இருந்தா நிறுத்துவீங்களா சார்?"

"இருந்தா நிறுத்தாம இருப்பனா?"

அவர் கையிலிருந்த ஷீட்டை வாங்கினேன். அச்சடித்த இங்கிலீஷ் வரிகளுக்குக் கீழே இருந்த வெற்று இடத்தில், பேனாவை அழுத்தித் தமிழில் எழுதினேன்: முதுகு நீளம், சின்ன அளவு, 16. பக்கத்துக் கட்டத்தில் 19 என்று போட்டேன். அதற்கடுத்த கட்டத்தில் ஃபெயில் என்று எழுதி, கீழே என் பெயரையும் முழுதாகப் போட்டேன்.

"இப்ப கீது சார்" என்றேன்.

வாங்குபவரின் தாளில் நாங்கள் டிக் அடிக்கலாம், எண் போடலாம். ஒரு வரி சேர்க்க எங்கள் முதலாளிக்கே உரிமை கிடையாது. சந்தானம் சார் கண்ணாடியைத் துடைத்தார், வழக்கத்தை விட நேரம் எடுத்தார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுப் புதுத் தாள் எடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. எல்லாருக்கும் அது தெரியும்.

"நிரப்பின ஷீட்ட கிழிச்சு எனக்குப் பழக்கமில்லம்மா" என்றார் கடைசியில். "ஆனா இது உங்கள எங்க கொண்டு விடும்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

அந்தத் தாள் அப்படியே ஃபேக்ஸில் போனது. என் தமிழ் வரிக்கு அவரே பக்கத்தில் இங்கிலீஷில் அர்த்தம் எழுதினார் என்று பிறகு பிரபு சொன்னான். வியாழக்கிழமை கன்டெய்னர் காலியாகத் திரும்பியது. முதலாளி ஷெட்டுக்கு வந்து என்னைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஆறு பேருக்குக் கன்ஃபர்மேஷன் கொடுத்தார்கள். என் பெயர் இல்லை.

அடுத்த வாரம் பதில் வந்தது. சின்ன அளவு எல்லாவற்றையும் திருத்து என்று. இரண்டாயிரம் பையிலும் தோள் ஸ்ட்ராப்பைப் பிரித்து, மூன்று அங்குலம் கீழே இறக்கித் தைத்து, பழைய தையல் தடம் தெரியாமல் மேலே ஒரு பட்டி வைக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஓவர்டைம். அதற்கு வந்த சாபமெல்லாம் எனக்குத்தான். "தேசம்மா முதுக அளந்தா, எங்க முதுகு ஒடியுது" என்று லைனில் ஒருத்தி ராகம் போட்டே சொன்னாள். திட்டட்டும். நானும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரித்தேன். பிரபு ஒருநாள் வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது பை பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

திருத்தம் முடிந்த அன்று எனக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்குபவரின் ஆவணத்தில் அனுமதியில்லாமல் எழுதிய குற்றம். பை தப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்டு திருத்தியாகிவிட்டது, ஆனாலும் குற்றம் குற்றம்தானாம். சந்தானம் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஐந்து வருடத்தில் முதல் முறையாக.

"மேல ஒரு மன்னிப்பு லெட்டர் கேக்கறாங்கம்மா. ரெண்டு வரி போதும். எழுதிக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே கன்ஃபர்மேஷன் கைல. நான் பேசிட்டேன்."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார்.

"இது அவங்க கேட்ட மன்னிப்பு இல்லையேம்மா."

"நான் பண்ண தப்பு இதான் சார். பண்ணாத தப்புக்கு மன்னிப்பு கேக்கணும்னு எந்த ஷீட்ல கீது?"

அவர் சிரிக்கவில்லை. தாளை மடிக்காமல் ஃபைலில் சேர்த்தார். கன்ஃபர்மேஷன் அன்று வரவில்லை, அடுத்த வருடமும் பாதி போன பிறகுதான் வந்தது. அதுவரை ஒவ்வொரு நாள் காலையும் கேட்டைத் தாண்டும்போது இன்று நிறுத்துவார்களோ என்ற நினைப்போடுதான் தாண்டினேன். ஒருநாள்கூட அந்தக் கடிதத்தை மாற்றி எழுதலாம் என்று தோன்றியதில்லை. ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் கேட்டு ஒரு நகல் வாங்கிக்கொண்டேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"ஐயா, வாங்குபவரின் தாளில் நான் ஒரு வரி எழுதியது உண்மை. மூன்றரை வருடமாக அந்த வரி இல்லாமலே பைகளைப் பாஸ் செய்து அனுப்பியிருக்கிறேன். அதற்காக மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றைச் சுமந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன், அவர்களுக்கு எழுதியிருப்பேன். இப்படிக்கு, தேசம்மாள், டிரெய்னி."